வாயைத் திறந்தால் டிக்... டிக்...

போன மாதம் என் மச்சானைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வடகரப்பதியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். நெஞ்சைத் திறந்து இதயத்தில் செயற்கை வால்வு வைத்துக்கொண்ட மனிதர். கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

பக்கத்துச் சித்தூர் க்ளினிக்கில் மலையாள டாக்டரம்மா கேட்டார் — "சுகர், பிரஷர், ஹார்ட் ப்ராப்ளம் ஏதாவது உண்டா, சேட்டா?"

"ஒண்ணுமே இல்லீங்க!" என்றார் மச்சான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் குறுக்கே பேசுவதற்குள் டாக்டரம்மா அவரை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார். ஏசி அறை. ஒரே அமைதி. திறந்த வாயிலிருந்து... டிக்... டிக்... டிக்...

டாக்டரம்மா சுவரைப் பார்த்தார். கடிகாரம் இல்லை. தன் கையைப் பார்த்தார். வாட்ச் இல்லை. பிறகு மச்சானைப் பார்த்தார். எடுத்த ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"வால்வ் மாத்தியிருக்கா?"

"அது போன வருசமே மாத்தியாச்சுங்களே! ஃபுட்வால்வு மாத்துன மோட்டார ஆராச்சும் ரிப்பேருன்னு சொல்லுவாங்களா?"

ஃபுட்வால்வு என்றால் கிணற்றுக்குள் மோட்டார் குழாயின் அடியில் இருக்கும் வால்வு; தோப்புக்காரர் கணக்கு. தப்பென்று எப்படிச் சொல்வது?

டாக்டரம்மா வீட்டிலும் கிணறு இருக்கும் போலிருக்கிறது. "கிணத்துல குப்பை இருந்தா எங்க போய் அடைக்கும், சேட்டா?"

"வேறெங்கீங்க... ஃபுட்வால்வுலதான்."

"அதேதான். பல்லுல இருக்கிற கிருமி ரத்தத்துல போய் அந்தப் புது வால்வுலதான் உக்காரும். உயிருக்கே ஆபத்து!"

மச்சான் முகத்தில் வீக்கம் மட்டும்தான் மிச்சம். சிரிப்பு போயிருந்தது.

டாக்டரம்மா அங்கேயே இதய டாக்டரிடம் போனில் பேசினார். ரத்தப் பரிசோதனை, முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக்... எல்லாம் ஆன பிறகுதான் இன்னொரு நாள் பல்லைப் பிடுங்கினார். காய்ச்சல் வந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே வர வேண்டும் என்று கட்டளை வேறு.

மச்சானின் மனைவி விஷயத்தைக் கேட்டு அழுதேவிட்டார். "அந்த டிக் டிக் காதுல உழுந்தாத்தானுங்க எனக்குத் தூக்கமே வருது. இவரு பாட்டுக்குச் சொல்லாம உட்டிருந்தா நான் என்னங்க பண்ணுவேன்?"

நாம் மட்டும் என்னவாம்? கண்ணுக்கு ஒரு டாக்டர், காலுக்கு ஒரு டாக்டர் என்று உடம்பைப் பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறோம். அவரிடம் சொன்னதை இவரிடம் சொல்வதில்லை. ரத்தத்துக்கு அந்த வேலியெல்லாம் தெரியுமா?

மச்சான் இப்போது ஆளே மாறிவிட்டார். காலையும் இரவும் பல் துலக்குகிறார். நேற்று முடிவெட்டும் கடையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அறிவித்தார் —

"தம்பி, எனக்கு வால்வு மாத்தியிருக்குதுங்க... பாத்து வெட்டுங்க!"