நமக்காக, எங்களுக்காக

அம்மா தினமும் மாலை ஜெபத்தில் சொல்லும் ஒரு வார்த்தையைப் பாஸ்டர் திருத்தினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்பா ஞானஸ்நானம் எடுக்காதவர். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஜீப்பில் ஏற்றிப்போனவர், நுரையீரல் கெட்டுக் கட்டிலோடு கிடந்தார். அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "நமக்காக மரித்த இயேசுவே" என்று ஆரம்பிப்பாள்.

புதிதாக வந்திருந்த பாஸ்டர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். அம்மா ஆரம்பித்ததுமே கையை உயர்த்தினார்.

"சிஸ்டர், பிரதர் இன்னும் இரட்சிக்கப்படல. அவரையும் சேத்து 'நமக்காக'ன்னு சொல்லக் கூடாது. 'எங்களுக்காக'ன்னு சொல்லுங்க. பிதா முன்னாடியே தெரிஞ்செடுத்தவங்களுக்காக மட்டுந்தான் கிறிஸ்து மரிச்சாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் போதனையை நானும் படித்திருக்கிறேன். எல்லாருக்காகவும் மரித்தும் சிலர் கெட்டுப்போனால் அந்த மரணம் பாதி வீண். ஆகவே யாருக்காக மரித்தாரோ அவர்களை அது தப்பாமல் மீட்கும் என்பது வாதம். லேசான வாதமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால்?

"அந்த ஆளுக யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமாய்யா?" என்றேன்.

"அது தேவனுக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்பறம் எங்கப்பாவ எறக்கி விடுறதுக்கு நீங்க யாரு?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா இருமிக்கொண்டே சிரித்தார். "விடப்பு. அய்யா, நான் ஜீப்பு ஓட்டுனப்ப எடமில்லைன்னு ஒருத்தரையும் எறக்கி விட்டதில்ல. பானெட்டு மேலகூட ஏத்திக்கிருவேன். ஒங்க சாமி ரொம்ப ரூல்ஸ் பாக்குறாரு போல."

பாஸ்டர் சிரிக்கவில்லை. ஜெபத்தை முடித்துவிட்டுக் கிளம்பிப் போனார். அவர் படித்த இங்கிலீஷ் புத்தகங்களில் 'நமக்காக', 'எங்களுக்காக' இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் மட்டும் இருக்கிற இந்தச் சின்னக் கதவைத் தேடிக் கண்டுபிடித்து, எங்கள் அப்பாவின் முகத்துக்கு நேராகச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். வார்த்தை வரவில்லை. 'எங்களுக்காக' என்றால் கட்டிலில் கிடப்பவர் வெளியே. 'நமக்காக' என்றால் பாவமோ என்று பயம். கடைசியில், "மரித்த இயேசுவே" என்று மொட்டையாக ஆரம்பித்தாள்.

"என்ன புள்ள, ஒரு வார்த்தைய முழுங்கிட்டே?" என்றார் அப்பா.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவரே மூச்சு இரைக்கச் சொன்னார்: "நமக்காக."

அம்மா முந்தானையில் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள், அந்த வார்த்தையோடு.

அதுவரை ஆமென்கூடச் சொல்லாத மனுசன். தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, மிச்சமிருந்த கொஞ்ச மூச்சில் அவரே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.