எங்கள் வீட்டு மொய் ஊருக்கே போனது

அன்றைக்கு என் தையல் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். எனக்கு ஊக்கும் ஓரமும் கையால் தைத்துத் தரும் மேரி அக்கா. ரவிக்கை வாங்க வந்த டீச்சரம்மா. வாசலில் கூடையை இறக்கி வைத்துத் தண்ணீர் கேட்ட, வெள்ளரிக்காய் விற்கும் அம்மா. அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கணக்காகச் சொல்கிறேன்? அந்த நாளுக்குப் பிறகு யாருக்கு என்ன தெரியும், யார் எங்கே நின்று எதைக் கேட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதே என் வேலையாகிவிட்டது. அந்த வெள்ளரிக்காய் அம்மாவைக்கூடச் சந்தேகப்பட்டேன். பாவம், அவரிடம் பட்டன் போன்கூடக் கிடையாது.

டீச்சரம்மாவின் போனில்தான் முதலில் சத்தம் வந்தது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏன் சாந்தி... உங்க வீட்டுக் காதுகுத்துக்கு நான் ஐந்நூத்தியொண்ணு செஞ்சேன்னு இதுல வந்துருக்கு."

"ஆமா டீச்சர். நன்றின்னு ஒரு மெசேஜ் அனுப்புவோம்னு கம்பெனியில சொன்னாங்க."

"என்னோடது மட்டும் வரலையே. எல்லாரும் செஞ்சது இருக்கு. உங்க கொழுந்தனார் செஞ்சது, பக்கத்து வீட்டுக்காரங்க செஞ்சது... பக்கம் பக்கமாப் போகுது."

தைத்துக்கொண்டிருந்த மிஷின் அப்படியே நின்றது. நின்றது மிஷினா, நானா என்று தெரியவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் திண்டுக்கல் பக்கம் விசேஷ வீடுகளில் மொய் எழுத இப்போது கம்பெனி வந்துவிட்டது. லேப்டாப், பிரின்டர், பணம் எண்ணும் மிஷினோடு பந்தல் வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். காசைக் கொடுத்தால் கையில் ரசீது, போனுக்கு மெசேஜ். யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று தெரிந்தால்தானே, அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் திருப்பிச் செய்ய முடியும்? அந்தக் கணக்கு பிசகக்கூடாது என்றுதான் என் மகள் காதுகுத்துக்குக் கம்பெனியை வைத்தோம்.

கணக்கு பிசகவில்லை. அந்த மட்டும் சரி. விசேஷத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் அந்த முழுக் கணக்கும் போய்விட்டது.

பெயர், அப்பா பெயர், ஊர், போன் நம்பர், தொகை. போதாததற்கு 'உறவு' என்று ஒரு கட்டம் — தாய்மாமன், அத்தை, சித்தப்பா மகன். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள் என்று பட்டப்பெயரும் போட்டிருந்தார்கள். தலைப்பில் விசேஷ வீட்டார் என்று என் பெயர், நம்பர்; கூடவே என் வீட்டுக்காரர், 'குட்டி யானை முருகேசன்'. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து குட்டி யானையில், அதாவது சின்ன லோடு வண்டியில், காய்கறி ஏற்றி வருகிறவர்.

"எங்க பிள்ளைக்குச் சர்ச்சுல புதுநன்மை குடுத்த விசேஷத்துக்கும் இவுங்கதான சாந்தி எழுதுனாங்க" என்று மேரி அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஸ்டாஃப் ஒருத்தர் தெரியாம எல்லாருக்கும் செலக்ட் பண்ணிட்டாருக்கா. உடனே டெலிட் குடுத்துட்டோம்."

"எல்லாரும் பாத்துட்டாங்களேப்பா."

"பாத்தது உங்க சொந்தக்காரங்கதானக்கா. வெளியாளா பாத்தாங்க?"

வெளியாள் பார்த்தால் பரவாயில்லையே என்றுதான் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகு தெரிந்தது. எத்தனை பேர் அதற்குள் எந்தெந்த குரூப்புக்குத் தள்ளிவிட்டார்களோ, யார் கண்டது?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படித்தவர்களுக்கு ஒரு தைரியம் இருக்கும் — யாரைக் கேட்பது, எங்கே எழுதிப் போடுவது என்று. எனக்குப் பயப்பட மட்டும்தான் தெரியும். அதை நன்றாகவே செய்வேன். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வந்த கதையை இங்கே எழுதியிருக்கிறேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும்.

சாயங்காலமே நத்தத்திலிருந்து மதினி கூப்பிட்டார். ஜோதி மதினி, என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. வாயைத் திறந்தால் வெட்டுத்தான். ஆனால் எனக்குப் பிரசவம் பார்த்ததும் அவர்தான், கடன் வாங்கி எனக்கு முதல் மிஷின் வாங்கித் தந்ததும் அவர்தான்.

"உங்க கம்பெனிக்காரன் என் பேருக்கு நேரா ஆயிரத்தொண்ணுன்னு போட்டுருக்கான். நல்லாருக்கு."

"மதினி, தப்பா அனுப்பிட்டாங்க..."

"நான் பேசி முடிச்சுக்கிறேன். தட்டுத் தட்டா சீர் கொண்டு வந்தேனே, அது அதுல ஏறுச்சா? பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு போட்டேனே, அது ஏறுச்சா? காசு மட்டுந்தான் கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியுமாக்கும்."

ஏறவில்லைதான்.

"என் ஓரகத்தி போன் போட்டுக் கேக்குறா, சொந்தத் தம்பி பிள்ளைக்கே ஆயிரத்தொண்ணுதானா, அப்ப எங்களுக்கு என்னத்தச் செய்யப் போறன்னு. இந்தப் பேச்சு எனக்குத் தேவையா?"

"அழிச்சுட்டாங்களாம் மதினி."

"எங்க, என் மாமியா வீட்டு ஆளுக மண்டைக்குள்ள இருந்தா? இங்க பாரு, நீயா இனி எனக்குப் போன் போடாத. எனக்குத் தோணுனா நான் கூப்புடுறேன்."

வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் தெரியாத நம்பர்கள் வர ஆரம்பித்தன. "சாந்தி மேடம், காதணி விழா நல்லபடியா முடிஞ்சுதா? நகைக்கடன் எதுவும் தேவைப்படுதா?" என்று ஒரு பெண். என் பெயரும் என் வீட்டு விசேஷமும் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? இன்னொருவன் கடன் தருகிறேன் என்று சொல்லவில்லை, எதையும் விற்கவும் இல்லை. "குட்டி யானை லோடுக்குப் போயிருச்சா?" என்று மட்டும் கேட்டான். யாரு நீ என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிட்டான்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேங்குக்குப் போய்க் கேட்டேன். அங்கே இருந்த மேடம், "உங்க கணக்குல ஒண்ணும் ஆகலம்மா. யாரு கேட்டாலும் ஓடிபி மட்டும் சொல்லாதீங்க" என்றார். சரி, சொல்லவில்லை. ஆனால் வண்டி எந்த நேரம் எந்த ரோட்டில் வருகிறது என்பதற்கு ஏது ஓடிபி?

இரண்டு பேருக்கும் புது சிம் வாங்கினேன். பழையதைக் கழற்றிக் கத்தரிக்கோலால் வெட்டியே போட்டேன்.

"மார்க்கெட்டுல அம்புட்டுப் பேருக்கும் பழைய நம்பர்தானடி தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உசுரு முக்கியமா, நம்பர் முக்கியமா?"

"நம்பர் இல்லாட்டி லோடு இல்ல. லோடு இல்லாட்டி..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

புது நம்பரைக் கமிஷன் மண்டிக்குச் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் சொன்னோம். என் தம்பிக்குச் சொன்னோம். மதினிக்குச் சொல்லவில்லை. அவரே கோபத்தில் இருக்கிறார், தோன்றும்போது கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். நூறு விஷயத்துக்குப் பயந்தவள் நான். எந்த நம்பருக்கு அவர் கூப்பிடுவார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

போன மாதம் ஒரு மத்தியான வேளை. என் வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்து, கடை ஸ்டூலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ நின்றது. மதினி இறங்கினார். தலை கலைந்து கிடந்தது. ஒரு காலில் அவருடைய செருப்பு, மறு காலில் ஆம்பளைச் செருப்பு.

தம்பியைப் பார்த்தார். அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நேராக வந்து அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சோறு சிதறியது.

"ஏலே, இங்கயா உக்காந்து திங்கிற நீ? பெரியாஸ்பத்திரியில வார்டு வார்டா உன்னையத் தேடிட்டு வாரேன்டா."

மேரி அக்கா மதினியைப் பிடித்து உட்கார வைத்தார். தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"ஒரு பய கூப்புட்டான். நத்தம் ஜோதி அக்காவான்னு கேட்டான். குட்டி யானை முருகேசன் உங்க தம்பிதானன்னு கேட்டான். ரெட்டியார்சத்திரம் தாண்டி வண்டி கவுந்துருச்சு, ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம், அட்வான்ஸ் கட்டுனாத்தான் உள்ள எடுப்பாங்கன்னான். சாந்திகிட்ட குடுன்னேன். அவுங்க பேசுற நெலமையில இல்லக்கான்னான்."

"எங்களுக்குப் போட்டுப் பாத்துருக்கலாம்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"போடாமயா இருந்தேன்? உனக்கும் போட்டேன், இவளுக்கும் போட்டேன். ரெண்டும் ஸ்விட்ச் ஆஃப். ரெண்டு பேரு போனும் ஸ்விட்ச் ஆஃப்னா நான் என்னத்தடா நெனைக்கிறது?"

என் வீட்டுக்காரர் தூக்குவாளியை மூடி வைத்தார்.

"எம்புட்டுக்கா அனுப்புன?"

"பதினெட்டாயிரம். மாந்தோப்புக் குத்தகைக்குன்னு வச்சிருந்தது."

அந்தத் திருடனுக்கு என்ன தெரிந்திருக்கும்? பெயர், ஊர், உறவு, பட்டப்பெயர். அந்தக் கணக்கில் இருந்தது மட்டும்தான். மீதியைச் செய்து கொடுத்தவள் நான். பயந்து பயந்து இரண்டு போனையும் அணைத்து, அவன் சொன்ன பொய்யை நிஜமாக்கி வைத்திருந்தேன். சண்டை போட்டுவிட்டுப் போன மதினி, அவனிடம் மேற்கொண்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் பணத்தை அனுப்பிவிட்டு, கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். ஓடிபி சொல்லக்கூடாது என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். "அக்கா, உங்க தம்பி..." என்று ஒருவன் ஆரம்பித்தால் என்ன செய்ய வேண்டும் என்று யார் சொல்லித் தருவது?

அப்போதே மூன்று பேரும் சைபர் கிரைம் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த போலீஸ் பெண், "சீக்கிரம் வந்தீங்கம்மா, நல்லது. ஆனா காசு அந்தக் கணக்கவிட்டு எப்பவோ தாண்டிப் போயிருச்சு. பாப்போம்" என்றார். இந்த விவரமெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். ஏதோ குரூப்பில் சுற்றி என் போனுக்கும் வந்திருந்த மொய்க் கணக்கைக் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இது எங்க சித்தப்பாம்மா" என்றார். குரல் மாறிப்போயிருந்தது. எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் போட்டார். போலீஸுக்கே அந்தப் பயம் என்றால் எனக்கு?

கம்பெனிக்காரரிடமும் போனேன். ரொம்ப வருத்தப்பட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். "அடுத்த விசேஷத்துக்கு உங்களுக்கு ஃப்ரீயா எழுதித் தர்றோம்க்கா" என்றார். நான் டீயைக் குடிக்கவில்லை.

இப்போது எங்கள் சொந்தத்துக்குள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். அவசரம் என்று யார் கூப்பிட்டாலும், காதுகுத்துப் பந்தியில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். வந்து சாப்பிட்டவருக்குத்தானே தெரியும்? ஆனால் என் தம்பிக்கே அது மறந்துவிட்டது. கொழுந்தனார் சுக்கா என்கிறார், என் வீட்டுக்காரர் குடல் என்கிறார். மதினி மட்டும், "உப்புப் பத்தாத சுக்கா. அத எப்படி மறப்பேன்?" என்றார்.

பணத்துக்கு வருகிறேன். அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன், அந்தப் பதினெட்டாயிரத்தை நாங்கள் தந்துவிடுகிறோம் என்று. வேண்டாம், அது எவனிடமோ போன காசு, நீ ஏன் தரவேண்டும் என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைக்கிறீர்கள்?

"குடுக்கத்தான் செய்யணும்" என்றார் மதினி. "உங்க பேரச் சொல்லித்தான வாங்கிட்டுப் போனான். சும்மா விடுவேன்னு நெனச்சியாக்கும்? மொத்தமா ஏலாதுன்னா மாசாமாசம் குடு. ஆனா போன்ல அனுப்புனா வாங்க மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பிள்ளையக் கூட்டிக்கிட்டு நேர்ல வந்து என் கையில குடுக்கணும். நானும் உங்க மூஞ்சியப் பாத்துக்குறேன்."

போன ஞாயிற்றுக்கிழமை நத்தத்துக்குப் போனோம். பஸ்ஸில் பாதி வழியில் தெரியாத நம்பர் ஒன்று கூப்பிட்டது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டது. மதினிதானோ, மதினிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று தோன்றியது. அப்போதும் எடுக்கவில்லை. அவர் வீட்டு வாசலுக்குப் போய், முறத்தில் புளியைப் பரப்பிக்கொண்டிருந்தவரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இரண்டாயிரம் கொடுத்தேன். எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். எழுதி வைக்கட்டுமா என்று கேட்டேன். எதிலும் எழுதாதே என்றார்.

அவர் சொன்னதற்காக வேறு எதிலும் எழுதவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன் — பாக்கி, பதினாறாயிரம் ரூபாய்.