ஆறு மணி பஸ்ஸும் ஆளுக்கொரு கிளையும்

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, லாட்ஜுகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறது. அதில் பில் போடும் பகுதி எல்லோருக்கும் பொதுவான ஒரே பேக்கேஜ்தான். ஆனால் பக்கத்து லாட்ஜ்காரனுக்கு இருப்பதே தனக்கும் என்றால் இங்கே எந்த முதலாளிக்குப் பொறுக்கும்? அதனால் எங்கள் மேனேஜர் ஆளுக்கொரு நகலாகப் பிரித்து வைத்திருந்தார். எங்கள் தொழிலில் அதைக் கிளை என்போம். ஒவ்வொரு கிளைக்கும் அந்தந்த முதலாளியின் குலதெய்வத்தின் பெயர். கொடுமை!

வரிக் கணக்கில் ஒரு தப்பு வந்தால் அத்தனை சாமிகளுக்கும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். அந்த வேலை என் தலையில். ஒரு கிளையை மறந்துவிட்டால் மறுநாள் காலையில் அந்த முதலாளி போனிலேயே என்னைக் கிழித்துவிடுவார். இந்தக் கூத்தில் சித்தூருக்குப் போகும் ஆறு மணி பஸ் தினமும் தப்பிவிடும். வீட்டில் என் மகளுக்கு நான்கு வயது. நான் ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அழுது அழுதே தூங்கிவிடுவாள். அவளைப் பார்த்துக்கொள்வது என் மாமியார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் மேனேஜரிடம் போனேன்.

"ஆளுக்கொரு நகல் வேணாம் சார். எல்லாருக்கும் பொதுவா ஒரே மெயின் வெச்சிக்கலாம். லாட்ஜுக்கு லாட்ஜ் மார்றது பேரு, ரேட்டு, பில்லு மொழி, அவ்ளோதானே? அத்த செட்டிங்ஸ்ல போட்டுடலாம். ஒரு தரம் திருத்துனா எல்லாருக்கும் போயிடும்."

"சால பாகுந்தம்மா, ரொம்ப நல்ல ஐடியா" என்றார். பாராட்டு தாராளமாக வந்தது. உதவிக்கு ஆள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்து கிளைகளை ஒவ்வொன்றாக மெயினில் சேர்த்து மூடினேன்.

அப்புறம் சில வாரம் ஆறு மணி பஸ் கிடைத்தது. புத்தலப்பட்டு தாண்டியதும் மகளுக்குப் போன் போடுவேன். "தட்ட எடுத்து வெச்சிக்கினு இருடி, வந்துக்கினே இருக்கேன்." அவள் சிரிப்பது பஸ் இரைச்சலிலும் கேட்கும்.

பிறகு புதிதாக ஒரு லாட்ஜ் முதலாளி வந்தார்.

"அவருக்குத் தனியா வேணுமாம்மா. ஒக்கட்டே, ஒண்ணே ஒண்ணு" என்றார் மேனேஜர்.

"இந்தத் தொல்ல வேணாம்னுதானே சார் எல்லாத்தையும் மூடுனேன்?"

"நீதான் ஈஸி பண்ணிட்டியே, இனிமே உனக்கென்ன கஷ்டம்? கஸ்டமர் மனசு நோகக்கூடாதும்மா."

என் மனசு நொந்தால் யாருக்கு என்ன? அந்த ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன். சேதி தெரிந்ததும் மற்ற முதலாளிகளும் தங்கள் நகலைத் திரும்பக் கேட்டார்கள். மூடிய சாமிகளெல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஆறு மணி பஸ் மறுபடியும் எனக்கில்லாமல் போயிற்று.

போன வாரம் ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு திருத்தத்தைப் பாதியில் போட்டுவிட்டு, மேனேஜர் கூப்பிடக் கூப்பிட ஓடிப் போய் பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடி செல்லம், அம்மா ஊட்றேன்."

"நீ வரமாட்டேன்னு நானே துன்னுட்டேம்மா."

"இப்பல்லாம் அழறதே இல்ல, தானே துன்னுட்டு தூங்கிடுது" என்று என் மாமியார் சந்தோஷமாகச் சொன்னார்.