மேலே போன எட்டுப் பாய்

எனக்கு மேலே யார் என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு என் கடைசி மகன் வயதுகூட இராது. சென்னையிலிருந்து வந்திருந்தான். கழுத்தில் டை, கையில் நீளமாக ஒரு தாள். தாள் முழுக்கக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி.

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. திருநெல்வேலியிலிருந்து கங்கைகொண்டான் போகிற வழியில் ஒரு நூல் மில்லில் பிள்ளைக் காப்பகம் என் பொறுப்பில் இருந்தது. வேலைக்கு வருகிற பெண்கள் கைப்பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு உள்ளே போவார்கள். மில் ஏட்டில் என் வேலைக்குப் பெயர் ஆயா. பெண்கள் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, பெரியம்மா என்பார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளையை நான் கீழே போட்டதில்லை, ஒரு தாயிடமும் பேச்சு வாங்கியதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

அப்படி இருந்தவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, “ஆயாம்மா, உங்களுக்கு மேல யாரு?” என்றான்.

“கூரைதான். அதுவும் ஒழுகுது,” என்றேன்.

சுற்றி நின்ற குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. “அது இல்லம்மா. நீங்க ஒரு பொருள் கேட்டா யார் சரின்னு சொல்லணும்? அவருக்கு மேல யாரு? அந்த வரிசை தெரிஞ்சாத்தான் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியும்.”

அதுவரைக்கும் வரிசை எல்லாம் கிடையாது. பாயோ சோப்போ வேண்டுமென்றால் காலையில் ஸ்டோர்க்கார அண்ணாச்சியிடம் சொல்லுவேன். அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவார். சாயங்காலம் சாமான் வந்து இறங்கிவிடும். அதற்கு முந்திய வருஷம் மில்லுக்குள்ளிருந்து ஒரு மோட்டாரையே யாரோ கடத்திவிட்டார்கள். ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும், வாயைத் திறக்கத்தான் யாரும் இல்லை. அதனால் இனி ஊசி நூல் வாங்கினாலும் நாலு பேர் கம்ப்யூட்டரில் சம்மதம் கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். மோட்டாரை எடுத்தவன் காரில் வருகிறவன். பூட்டு விழுந்தது எங்கள் சோப்புக்கும் பாய்க்கும்.

சென்னைக்காரன் எனக்கு மேலே நாலு கட்டம் போட்டான். முதல் கட்டம் தொழிலாளர் நலம் பார்க்கிற அதிகாரி, கடைசிக் கட்டம் மேனேஜர். நான் அடியில் ஒரு சின்னக் கட்டம்.

“இதுல ஒருத்தர் இல்லைன்னா?” என்று கேட்டேன்.

“வந்ததும் பண்ணுவார்.”

“வர நாளாச்சுன்னா?”

“வெயிட் பண்ணும்மா, அவ்வளவுதான்.”

“யாரு? பாயா, பிள்ளையா?”

அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் அடித்தது. காப்பகத்தின் கூரை சிமென்ட் தகடு, மூன்று இடத்தில் விரிசல். கூரைக்கு எப்போதோ சொல்லியாயிற்று, யாரும் ஏறிப் பார்க்கவில்லை. தரை எந்நேரமும் சதசதவென்று கிடந்தது. கோரைப் பாய் ஈரத்தில் ஊறினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓரம் கறுத்து, பூசணம் பூத்து, செத்த எலி மாதிரி ஒரு நாற்றம். அதன் மேல் ஒன்பது பிள்ளைகள்.

ஒன்பதில் ஒன்று நாலு மாதப் பெண்பிள்ளை. அதன் தாய் சீவலப்பேரியிலிருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து, திருநெல்வேலியில் இறங்கி, வேறு பஸ் மாறி வருகிறவள். புருஷனுக்கு வயலில் கூலி வேலை. பொங்கல் வரை ஒரு நாளும் தவறாமல் வந்தால் அவள் வேலையை நிரந்தரம் ஆக்குகிறோம் என்று மில்லில் சொல்லியிருந்தார்கள். ஆனால் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி இழுப்பு வர ஆரம்பித்தது. ஒரு நாள் பிள்ளையை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள்.

“எங்க அத்தை கண்டிஷனாச் சொல்லிட்டாவ, பெரியம்மா. இன்னொரு தரம் பிள்ளைக்கு இழுத்துச்சுன்னா மில்லும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வீட்டுல இருந்து பீடி சுத்துன்னுட்டாவ.”

“ஏட்டி, நீ உள்ள போ. நான் பாத்துக்கிடுதேன்,” என்றேன். பதினாறு வருஷமாக ஒவ்வொரு தாய்க்கும் நான் சொன்ன சொல் அது. அதைக் கேட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனதில்லை.

அன்றைக்கே ஸ்டோர்க்கார அண்ணாச்சியிடம் போனேன். அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

“எட்டுப் பாய். போட்டாச்சு தங்கச்சி. மேலே போயிட்டு.”

“மேலே போயிட்டா? நம்ம ஊருல மேலே போனா பதினாறாம் நாள் விசேஷம்லா வைப்பாவ அண்ணாச்சி.”

“வாய வச்சுக்கிட்டு சும்மா இரு. நாளைக்கு எறங்கிரும்.”

இறங்கவில்லை. தினமும் காலையில் போய் “எறங்கிட்டா?” என்பேன். “இன்னும் மேலேதான் கெடக்கு,” என்பார். கார்த்திகை பிறந்துவிட்டது. முதல் கட்டத்து அதிகாரி மாலை போட்டார், மலைக்குப் போனார், அங்கிருந்து அப்படியே லீவை நீட்டிவிட்டார்.

“அவரு பெட்டிக்குள்ளதான் கெடக்கு. அவரு பாஸ்வேர்டு போட்டாத்தான் தெறக்கும்,” என்றார் அண்ணாச்சி.

“அத உம்மகிட்ட சொல்லிட்டுப் போனா என்ன?”

“சொல்லப்பிடாதாம்லா. அது ரகசியம்.”

எட்டுப் பாயில் என்ன ரகசியம் என்று எனக்கு விளங்கவில்லை. சரி, இவர்களை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று மறுநாள் என் வீட்டுப் பாய் இரண்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வாசலில் வாட்ச்மேன் மறித்தான்.

“கம்ப்யூட்டர்ல நம்பர் இல்லாத சாமான உள்ள விடப்பிடாதுன்னு ஆர்டர், பெரியம்மா. சாயங்காலம் நீங்க இத வெளிய கொண்டுபோனா, மில்லுச் சாமானாக்கும்னு என்னையப் பிடிப்பாவ.”

“ஏலே, நூல் மில்லுல பாயா நெய்யுதாவ?”

“எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே, நான் என்ன செய்ய?”

பாயை அவன் கூண்டிலேயே போட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒன்றை விரித்து அதன் மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

அந்த வாரம் முழுக்கப் பழைய சேலைகளை மடித்து மடித்துப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அடிவரை நனைந்துவிடும். நாலு மாதப் பிள்ளையை மட்டும் கீழே விடவே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை மடியிலேயே வைத்திருந்தேன். அது மூச்சு விடும்போது என் தொடையில் அந்த இழுப்புத் தெரியும். மற்ற பிள்ளைகள் அழுதால் வாயால்தான் தேற்ற முடிந்தது.

ஒரு நாள் காலை பெரிய மழை. தரையில் கணுக்கால் தண்ணீர். பத்து மணித் தேநீருக்கு வெளியே வந்த தாய்மார்களிடம், “ஆளுக்கொரு பிள்ளையத் தூக்குங்கட்டி,” என்றேன். நேரே கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தோம். மொத்த மில்லிலும் சொட்டு ஈரம் இல்லாத தரை அது ஒன்றுதான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும், உள்ளே கம்பளம், எந்நேரமும் ஏசி. எட்டுப் பிள்ளைகளையும் கம்பளத்தில் விட்டோம். இழுப்புப் பிள்ளைக்கு அந்தக் குளிர் ஆகாது என்று அதை வைத்துக்கொண்டு நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்த சென்னைக்காரன் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான். மேனேஜர் ஓடி வந்தார்.

“என்ன இது? யாரக் கேட்டு இங்க கொண்டுவந்த?”

“கேக்கத்தான் செஞ்சேன் சார். கேட்டது மேலே போயி மூணு வாரமாச்சு.”

“ஏசி ரூம்மா இது. பிள்ளைங்களுக்குக் குளிரும்.”

“அப்ப ஏசிய அமத்துங்க.”

“அமத்தினா மெஷின் கெட்டுப்போகும்.”

“மெஷினுக்கு ஒண்ணுன்னா எல்லாருக்கும் பொசுக்குன்னு தெரியுதே சார்.”

அவர் என்னை முறைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பயல் கம்ப்யூட்டர் வயருக்குப் பக்கத்தில் நின்று கம்பளத்தில் மூத்திரம் பெய்தான். மேனேஜர் சென்னைக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினார். சென்னைக்காரன் எதையோ தட்டினான். வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் என் எட்டுப் பாயும் நாலு கட்டத்தையும் தாண்டிவிட்டது.

“அவரு பெட்டி அவரு வந்தாத்தான் தெறக்கும்னாவளே?” என்று கேட்டேன்.

“என்கிட்ட ஒரு பாஸ்வேர்ட் இருக்கும்மா. எல்லாப் பெட்டியும் திறக்கும்.”

“மொதல்ல இருந்தே இருக்கா?”

“இருக்கு. யாரும் கேக்கலையே.”

கெட்டவன் இல்லை அவன். சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று வாரமாக ஒரு பிள்ளை மூச்சுக்குத் திணறியிருக்கிறது, சாவி இவன் சட்டைப்பைக்குள் கிடந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லையாம். அங்கேயே காறித் துப்பியிருப்பேன். பிள்ளைகள் கிடக்கிற இடம் என்று விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் சாமான் வந்தது. கட்டைப் பிரித்தால் எட்டும் கால்மிதி. தென்னை நாரில் செய்து, வாசலில் கால் துடைக்கப் போடுவார்களே, அது. புறங்கையில் தேய்த்துப் பார்த்தேன். எனக்கே கீறியது.

“அண்ணாச்சி, என்ன இது?”

அவர் தலையைச் சொறிந்தார். “கம்ப்யூட்டர்ல பாய்ங்கறதுக்கு இங்கிலீஷ்ல மேட்டுன்னு ஒண்ணுதான் இருக்கு தங்கச்சி. நான் அதத்தான் தட்டுனேன். அதுல மேட்டுன்னா இதுதானாம்.”

“அத ஏத்துனவன் ஒரு நாளாவது பாயில படுத்திருப்பானா? திருப்பி அனுப்பும்வே.”

கோபத்தில் அண்ணாச்சியை மரியாதையில்லாமல் ‘வே’ என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“திருப்பி அனுப்ப வேற கோரிக்கை போடணும். கோரைப் பாய்ன்னு புதுசா ஒரு பேர் சேக்க இன்னொண்ணு. ரெண்டும் மறுபடி மேலே போகணும்.”

“அந்தச் சென்னைக்காரன்?”

“வேலை முடிஞ்சிட்டு. காலையில ஊருக்குப் போயிட்டான்.”

மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கதவைத் திறக்கவில்லை. நேற்றைய கம்பளத்துக்கே என் மேல் புகார் எழுதி வைத்திருக்கிறார், இனி எது கேட்டாலும் முறைப்படி வரச் சொல்லிவிட்டார் என்று வெளியே இருந்த ஆள் சொன்னான்.

சாயங்காலம் வேலை விட்டுச் சீவலப்பேரிப் பெண் வந்தாள். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. சுவரோரம் அடுக்கியிருந்த கால்மிதிகளைப் பார்த்தாள்.

“பிள்ளைய இதுலயா போடுவாவ, பெரியம்மா?”

“இல்லட்டி. இது தப்பா வந்துட்டு.”

பிள்ளையை வாங்கி அதன் முதுகில் காது வைத்துக் கேட்டாள்.

“சரியானது நாளைக்கு வந்துருமா? நீங்க வரும்னு சொல்லுங்க, போதும். அத்தை கால்ல விழுந்தாவது நான் வந்துருதேன்.”

வரும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாள், பிள்ளையும் அந்தத் தரைக்கே வந்திருக்கும். நான் பாத்துக்கிடுதேன் என்கிற என் சொல்லுக்குக்கூட இப்போது நாலு பேர் சம்மதம் வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலையைக் குனிந்து சேலை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பீடிக் கடையில் இலை வாங்க நிற்கிறாள் என்று அவளோடு பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். பிள்ளை தேறிவிட்டதா என்று விசாரித்தேன். தேறிவிட்டது என்றார்கள். அதுவரைக்கும் நல்லது.

கோரைப் பாய் மாசியில் வந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, தரை வறண்டு கிடக்கிறது. நலம் பார்க்கிற அதிகாரியே ஒரு தாளோடு வந்தார். கேட்ட பொருள் கேட்டபடி வந்து சேர்ந்தது என்று அதில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“நான் கேட்டது ஐப்பசிக்கு சார்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பாயை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்தேன். கையெழுத்துப் போடவில்லை. எத்தனையோ தடவை ஆள் அனுப்பினார்கள். அந்த மில்லை விட்டு வருகிற வரைக்கும் போடவே இல்லை.