ஒரு சஹன், ஆறு கை

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. மொழிபெயர்க்கப் போனவளுக்கு நடுவிலும் ஒன்று விழும். சிறுகடனும் நம் பழக்கவழக்கமும் படிக்கப் புத்தளம் வந்த வெளிநாட்டு மாணவர்களோடு நான் அலைந்த கதை இது. இடையில் நின்று ஏச்சு வாங்கிய எல்லோரும் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

பிணை

பாலாவியில் ஐந்து பெண்களின் கடன்குழு. ஒருத்தி எடுக்கும் கடனுக்கு மற்ற நால்வரும் பிணை. எமா என்ற மாணவி அந்த ஐவரில் ஒருவரான சபியா ராத்தாவை, அதாவது சபியா அக்காவைக் காட்டி, இவர் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஆளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா? மென்று விழுங்கி, தொழில் எப்படி என்று மாற்றிக் கேட்டேன். நல்லாப் போகுது என்று எல்லோரும் சிரித்தார்கள். எமா குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"கடன் கட்டாவிட்டால் இவர்களுக்கு இவ்வளவு சந்தோஷமா?"

விருந்து

ராத்தாவின் தொழில், கலியாண வீடுகளுக்குச் சஹன் வாடகைக்கு விடுவது. சஹன் என்பது ஐந்தாறு பேர் சுற்றி அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தால் கலியாணங்கள் வரிசைகட்டும். அதற்குள் இன்னும் சஹன் வாங்க அவருக்குக் கடன் வேண்டும். கடன் கொடுப்பவர்களோ மாணவர்களின் அறிக்கைக்காகக் காத்திருந்தார்கள்.

தொழிலைக் காட்டவென்றே ராத்தா சஹனில் சோறு வைத்தார். மாணவிகள் தங்கள் தட்டு வருமென்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். இது எங்கள் வழக்கம் என்று நான் சொல்லச் சொல்ல, ஆளுக்கொரு தட்டு வாங்கக்கூட வழியில்லையாக்கும் என்று எமாவின் கண் கலங்கியது. மறுநாள் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு எமா வாங்கிய புதுப் பீங்கான் தட்டுகள் வந்து இறங்கின. ஆளுக்கொரு தட்டு வந்துவிட்டதால் இனித் தட்டுக்குக் கடன் தேவையில்லை என்று எழுதப்போவதாக எமா சொன்னாள். எனக்கு அழுகையே வந்தது. ராத்தா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீங்க இவங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?"

முந்தல் கலியாணம்

இனிப் பேசிப் பயனில்லை என்று எமாவை முந்தலுக்குக் கூட்டிப்போனேன். தென்னந்தோட்ட முதலாளி வீட்டுக் கலியாணம், சஹன்களெல்லாம் ராத்தாவுடையவை. பெண்கள் பக்கத்தில், கை நிறைய வளையல் போட்டவர்கள் ஆறு ஆறு பேராக ஒரே சஹனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா நகர்ந்து இடம்விட்டு, பொரித்த கோழியைப் பிய்த்து எமா பக்கம் தள்ளினார். எமா வளையல்களையும் சஹனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். பிறகு அறிக்கையை மாற்றி எழுதினாள், கடனும் கிடைத்தது. வீட்டுக்கு வீடு கொடுத்த பீங்கான்களை என்ன செய்வதென்றுதான் அவளுக்குக் கவலை. ராத்தாவுக்கு அந்தக் கவலை இல்லை.

"எல்லாத்தையும் சேத்து எடுத்து வெச்சிட்டன். அடுத்த முற வெளிநாட்டு ஆக்கள் வந்தா வாடகைக்குக் குடுக்கலாம்."

கடைசியில் எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. மொழிபெயர்த்த எனக்குத்தான் யாராவது மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.