ருசி பாராத கறி

கோப்பன்ஹேகனில் நோர்றெப்ரோப் பக்கம் பேர்ல் அம்மாவின் ஜமைக்காச் சாப்பாட்டுக் கடை இருந்தது. நாலைந்து மேசை, பின்னால் சமைக்க ஒரு குசினி. குசினியில் மன்னார் அந்தோனிதாசன். டேனிஷ் வராது, ஆங்கிலம் அரைகுறை. வேலை கேட்டுப் படியேறி அலுத்தவனை, "ஆட்டுக்கறி சமைப்பாயா?" என்று மட்டும் கேட்டு உள்ளே விட்டவள் அவள். இந்த நாட்டில் "சாப்பிட்டாயா?" என்று அவனைக் கேட்ட ஒரே ஆளும் அவள்தான்.

எண்பத்தாறு மாசியில் கடை ஆட்டங்கண்டது. வாடகைப் பாக்கிக்காக ஈஸ்டரோடு வெளியேறச் சொல்லிவிட்டான் கட்டடக்காரன். கெட்டிக்காரன் என்றால் வேறு வேலை தேடியிருப்பான். அந்தோனிதாசன் ஊரின் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தான். கடை தப்பவேண்டும், அதற்காகத் தவக்காலம் முடியும்வரை இறைச்சி நாக்கில் படாது, ருசி பார்க்கக்கூட.

மாதா செவிசாய்த்த மாதிரித்தான் இருந்தது. பக்கத்துத் தொழிற்சங்க மண்டபத்தில் சனிக்கிழமை விருந்து. கறி பிடித்தால் மாதாமாதம் இங்கேதான் எடுப்போம் என்றார்கள். அதைக் கேட்டுக் கட்டடக்காரனும், "சரி, பார்ப்போம்" என்று இறங்கி வந்தான்.

வழக்கமாக இறைச்சி ஊறவைப்பது அந்தோனிதாசன். உப்பைக் கறி கொதிக்கும்போதுதான் போடுவான். இந்த முறை, இடுப்பு வலியோடு மாடியில் படுத்திருந்த பேர்ல் அம்மா மனம் கேளாமல் வியாழன் இரவே இறங்கி வந்து தன் கையால் ஊறவைத்தாள், ஜமைக்கா முறைப்படி உப்பும் சேர்த்து. அதை அவனிடம் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வெள்ளி மாலை கறி கொதித்தது. அவன் தன் பங்குக்கு உப்பை அள்ளிப் போட்டான். பாத்திரம் கழுவும் கத்தோலிக்கத் தமிழ்ப் பெண் பற்றிமா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, உப்பு ஒருக்காப் பாருங்கோவன்."

"நேர்த்தி, தங்கச்சி. என்ர கையளவு பிழைக்காது."

"அப்ப நான் பாக்கிறன்."

"தவக்கால வெள்ளியில இறைச்சியோ? வேண்டாம். ஏன் வீணாப் பாவத்தைத் தேடுறீர்?"

பற்றிமா அகப்பையைத் திரும்ப வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை கொண்டுபோன சட்டிகள் நிறைந்தபடியே திரும்பின. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றார்கள் முன்னோர். உப்பு மிஞ்சிய பண்டம் எங்கே போகும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பேர்ல் அம்மா ஒரு துண்டை வாயில் வைத்தாள்.

"நான்தான் உப்புப் போட்டிருந்தேனே. நீ ருசி பார்க்கவில்லையா?"

நேர்த்தி என்பதற்கு ஆங்கிலம் தேடினான் அவன். கிடைக்கவில்லை. "கடைக்காகத்தான் அம்மா" என்று மட்டும் சொன்னான். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடை மூடியது. உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து ஹ்விடோவ்ரேயில் தன் அறைக்கு வந்தவன், எறிய மனமில்லாமல் உறையவைத்திருந்த அந்தக் கறியில் கொஞ்சம் எடுத்துச் சூடாக்கினான். தவக்காலம் முடிந்திருந்தது. நேர்த்தியை ஒரு குறையும் இல்லாமல் நிறைவேற்றியிருந்தான். விரல் நுனியால் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தான்.

பற்றிமா அன்று கேட்டது இந்த ஒரு துளியைத்தான்.