லாக்கருக்குள் ஒரு கட்டைவிரல்

பென்னலூர் பரசுராமனுக்கு எந்தக் கூட்டமானாலும் முன்வரிசையில் நிற்க வேண்டும். விபத்து என்றால் முதலில் ஓடிப்போய் வண்டியை நிமிர்த்துவான். சண்டை என்றால் விலக்கிவிடப் போய் முதல் அடியை வாங்கிக்கொண்டு வருவான். பக்கத்துத் தெருப் பாத்திரக்கடைக்காரர் வீட்டில் நகை திருடுபோனபோதும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. போலீஸ் அந்தத் தெரு ஆண்களை வரிசையில் நிறுத்திக் கைரேகை எடுத்துக்கொண்டிருந்தது. இவனை யாரும் கூப்பிடவில்லை.

"நம்மளுதையும் எடுத்துக்கோங்க சார். நாளைக்கு எவனும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது" என்று வலியப் போய் விரலை நீட்டினான்.

அவன் மனைவி சசிரேகா தலையில் அடித்துக்கொண்டாள். அது வீண் போகவில்லை. அடுத்த வாரமே போலீஸ் வந்து அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது.

திருடன் திறந்து போட்டிருந்த லாக்கரின் உட்சுவரில், கதவு பொருந்தும் இடத்துக்குப் பக்கத்தில், அச்சடித்த மாதிரி ஒரு ரேகை இருந்ததாம். பரசுராமனின் வலது கட்டைவிரல். சந்தேகத்துக்கே இடமில்லை என்று கைரேகை நிபுணர் அறிக்கை கொடுத்துவிட்டார். அதில் தப்பும் இல்லை, அது அவன் விரல்தான். அந்த லாக்கருக்குக் கதவு மாட்டியதே அவன்தான் என்பது மட்டும் அறிக்கையில் இல்லை.

ஒரகடத்தில் வீட்டு லாக்கர் செய்யும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. கதவை மாட்டும் ஸ்க்ரூ அரிசி பருமன்தான் இருக்கும். கையுறை போட்ட விரலால் அதைப் பிடிக்கவே முடியாது. அதனால் அந்த லைனுக்கு வருகிற எல்லோரும் முதல் காரியமாக வலது கையுறையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் கத்தரித்து எறிவார்கள். சூப்பர்வைசருக்குத் தெரியும். ஆனால் டார்கெட் முடிந்தால் போதும், அவர் கண்ணுக்குக் கையுறை முழுசாகவே தெரியும். ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் எல்லோருக்கும் புதுக் கையுறை கிடைக்கும், அன்றைக்கு லைன் நொண்டும். இப்படியாக, இவன் மாட்டி அனுப்பிய லாக்கர் எந்த வீட்டில் இருந்தாலும் அதற்குள் இவன் கட்டைவிரலும் குடியிருந்தது. நகையைத் திருடியவனோ முழுக் கையுறை போட்டு, விதிமுறைப்படி வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஜாமீனில் வந்தவனிடம் வக்கீல் இசைவாணி சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கோர்ட்ல உள்ளத சொல்லிடுங்கண்ணா. கம்பெனில வெறும் விரலாலதான் வேல பாத்தேன்னு. வேற வழியில்ல."

"அத்த மட்டும் கேக்காதம்மா. பர்மனென்ட் ஆர்டரு டேபிள் மேல கீது. கிளவுஸ வெட்டினேன்னு நானே சொன்னா வேலையே பூடும்."

பல வருடம் கான்ட்ராக்டில் கிடந்து, இப்போதுதான் நிரந்தரம் கைக்கு எட்டியிருந்தது. மனிதவள அதிகாரி தளவாய், "கேஸ் முடியட்டும், ஆர்டர் தாரேன்" என்று அதை நிறுத்தி வைத்திருந்தார்.

சசிரேகாவுக்குப் பொறுக்கவில்லை. "உள்ள போனின்னா அங்கயே பர்மனென்ட் ஆயிடுவ. எது வோணும்னு நீயே பாத்துக்க."

விசாரணையில் தளவாயே அரசுத் தரப்புச் சாட்சியாக வந்தார். கையுறை இல்லாத விரல் எங்கள் லாக்கர் மேல் படவே படாது, நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று அடித்துச் சொன்னார். கையில் ஆடிட் சான்றிதழ் வேறு. அரசு வக்கீல் முகம் மலர்ந்தது. கம்பெனியில் பட்டிருக்க முடியாதென்றால் திருடும்போது பட்டதுதானே என்றார்.

பரசுராமன் வாயைக் கட்டிக்கொண்டுதான் நின்றான். தளவாய் இறங்கிப் போகும்போது அவனைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார் பாருங்கள், அதில்தான் வயிறு எரிந்துவிட்டது.

"பொய்யிம்மா! லைன்ல கீற அத்தினி பேரும் கிளவுஸ வெட்டிக்கினுதான் வேல செய்றோம். நானும் வெட்டினேன். அது கம்பெனில பட்ட வெரலு!"

மாஜிஸ்திரேட் அம்மாள் ஆதாரம் கேட்டார். இசைவாணி இதற்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார். இந்தக் கோர்ட்டிலேயே, வழக்குப் பொருள்களை வைக்கும் அறையில், கோர்ட் உபயோகத்துக்கு வாங்கிய அதே கம்பெனி, அதே மாடல் லாக்கர் ஒன்று இருக்கிறது, அதன் உட்சுவரையும் சோதிக்கட்டும் என்றார். மாஜிஸ்திரேட் சம்மதித்தார். அதே நிபுணர் வந்து பொடி தூவினார்.

அங்கேயும் இருந்தது, அதே இடத்தில்.

"இதுவும் என் கட்சிக்காரர் ரேகைதானா?" என்று கேட்டார் இசைவாணி.

"சந்தேகமே இல்லை" என்றார் நிபுணர். பழக்கதோஷம்.

"அப்போ இவர் கோர்ட்லயும் திருடியிருக்காரா?"

மாஜிஸ்திரேட் ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நிபுணர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். யார் விரல் என்று சொல்லலாம், எப்போது பட்டது என்று சொல்ல முடியாது என்று மெல்லச் சொன்னார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, என்னிடம் யாரும் கேட்கவில்லை என்றார். ஒரு மனிதனைக் கம்பி எண்ண வைக்க இருந்த விஷயம் அவ்வளவுதான்.

பரசுராமன் விடுதலையானான். சசிரேகா தெருவுக்கே கேசரி கொடுத்தாள்.

மறுநாள் தளவாய் அவனைக் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். பிரித்தால் வேலைநீக்க உத்தரவு. கையுறை அணியாமல் வேலை செய்தது நீதிமன்றத் தீர்ப்பிலேயே நிரூபணமாகிவிட்டதாம்.

"சார், கோர்ட்ல எல்லாரும் கிளவுஸ் போடறாங்கன்னு சொன்னீங்க. இதுல நான் போடலன்னு கீது. ரெண்டுல இன்னா சார் நெசம்?"

"ரெண்டும் கம்பெனி சொன்னதுதான் தம்பி. நான் என்ன செய்யட்டும்? தீர்ப்புலயே எழுதிட்டாங்க. கோர்ட்ட மீற முடியுமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லைன் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டின கையுறையோடு எல்லோரும் ஸ்க்ரூ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் இவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. திருடன் என்று ஊரே சொன்னபோது வராத அழுகை பரசுராமனுக்கு இப்போது வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

வாசல் தடுப்பில் செக்யூரிட்டி ரேகை மெஷினைக் காட்டி மறித்தான். "வெரல வச்சிட்டுப் போண்ணா, அப்பத்தான் கம்பி தெறக்கும்."

பரசுராமன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு கம்பியைத் தாண்டிக் குதித்தான். பின்னால் விசில் சத்தம் கேட்டது.